மான்கன்று எழுப்பும் வினா

சிறுவர்க்கென எழுதப்படும் கதைகளுள், தனித்து வாடும் குழந்தைக்கு ஒரு விலங்கு துணையாக வந்து சேரும் கதைகளுக்கு எந்நாட்டிலும் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை இன்பமாகவே முடிவன. குழந்தையின் தனிமை நீங்கும். விலங்கிற்கு ஓர் இல்லம் கிடைக்கும். படிப்போர் மனநிறைவோடு நூலை மூடி வைப்பர். ஆனால், மூடி வைத்த பின்னும் நம்மை விடாத நூல் ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் அம்மையார் 1938-இல் வெளியிட்ட 'தி இயர்லிங்' என்னும் புதினமே அது. ஓராண்டு நிரம்பிய கன்று என்பது அப்பெயரின் பொருள். 1939-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1946-இல் திரைப்படமாகவும் வந்தது.

அம்மையார் 1928-இல் புளோரிடா மாநிலத்தின் கிராஸ் கிரீக் என்னும் சிற்றூரில் ஆரஞ்சுத் தோட்டம் வாங்கிக் குடியேறியவர். அப்பகுதியின் புதர்க்காட்டில் வாழ்ந்த எளிய மக்களோடு தங்கி, அவர்தம் வேட்டையையும் உழவையும் பேச்சையும் நேரில் கண்டு எழுதினார். ஆதலின் இக்கதையில் அன்பும் உண்மை, பசியும் உண்மை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த காலம். காடு சூழ்ந்த ஒரு மேட்டு நிலத்தில் பென்னி பாக்ஸ்டர், அவர் மனைவி ஓரா, மகன் ஜோடி ஆகிய மூவர் வாழ்கின்றனர். பிறந்த குழந்தைகள் பலர் இறந்துபட, எஞ்சிய ஒரே மகன் ஜோடி. பன்னிரண்டு வயதை ஒட்டியவன். இழப்புகளால் தாயின் மனம் இறுகிவிட்டது. தந்தை அன்புடையவர்; ஆயினும் ஓயாத உழைப்பில் மூழ்கியவர். தன் பின்னே ஓடி வர, தனக்கே உரியதாய் ஓர் உயிர் வேண்டும் என்று அச்சிறுவன் ஏங்குகிறான்.

ஒருநாள் பென்னியைக் கொடிய நச்சுப்பாம்பு தீண்டுகிறது. அவர் அங்கேயே ஒரு பெண்மானைச் சுட்டு, அதன் ஈரலைக் கடிவாயில் வைத்து நஞ்சை இழுக்க முயல்கிறார். அவர் பிழைத்துக்கொள்கிறார், அருகில் நின்ற மான்கன்று தாயற்றதாகிறது. நம் உயிர் காக்கத் தாயைக் கொன்றுவிட்டுக் கன்றைப் பட்டினியால் சாகவிடுவது நன்றி கொன்ற செயலன்றோ என்று ஜோடி வாதிடுகிறான். தந்தையால் மறுக்க இயலவில்லை. சிறுவன் காட்டிற்குச் சென்று கன்றைக் கண்டெடுத்து, தன் விரலைப் பாலில் தோய்த்து ஊட்டி வளர்க்கிறான். அதன் வெண்ணிற வாலைக் கொடியாகக் கண்டு, கொடி என்று பொருள்படும் 'ஃபிளாக்' என்னும் பெயரைத் தேர்ந்தவன் ஃபாடர்விங் என்னும் உடல் ஊனமுற்ற சிறுவன். ஜோடியின் நண்பனான அவன், அப்பெயரைத் தானே சொல்லும் முன்பே இறந்துவிடுகிறான்.

கன்று வளர்கிறது. பெருமழை விளைச்சலை அழிக்கிறது. அடுத்த பருவத்தில் பென்னி உடல் நொந்து படுக்கையில் விழுகிறார். அக்குடும்பத்தின் வாழ்வே மக்காச்சோளத்தில் இருக்கிறது. முளைத்த பயிரைக் கன்று மேய்ந்துவிடுகிறது. ஜோடி மீண்டும் விதைக்கிறான், வேலியை உயர்த்துகிறான். கன்று அவ்வேலியையும் தாண்டுகிறது. அதனைக் காட்டிற்குக் கொண்டுசென்று சுட்டுவிடுமாறு தந்தை பணிக்கிறார். சிறுவனால் இயலவில்லை. வேறு வழி தேடி அலைந்து, காணாது திரும்புகிறான். முடிவில் தாய் துப்பாக்கியை எடுக்கிறாள், குறி தவறுகிறது, கன்று காயத்தோடு துடிக்கிறது. அத்துடிப்பை முடித்துவைக்கும் கொடுமை ஜோடியின் கைக்கே வந்து சேர்கிறது. அவன் வீட்டை வெறுத்து ஓடுகிறான்; பசியென்பது என்னவென்று தன் வயிற்றாலேயே அறிகிறான்; திரும்பி வருகிறான். திரும்பியவன் பழைய சிறுவனல்லன்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ஒரு மழைநாள் பிற்பகலில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இக்கதையைத் தமிழில் சொன்னோம். ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்திருந்த முறைப்படி, கதை முடிந்ததும் அதன் நீதியைக் கரும்பலகையில் எழுதினோம்: 'அன்பினும் கடமை பெரிது.' பிள்ளைகள் ஏட்டில் எழுதிக்கொண்டனர். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் எழுதவில்லை. "டீச்சர், வேலின்னா என்னன்னு மானுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றோம். "அப்போ யார் மேல தப்பு?" என்றாள். மணி அடித்தது. அம்மணியோசை நம்மைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும்.

அவ்வினாவை இன்று மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

வளர்வது என்பது தவிர்க்க இயலாததைத் தாங்கக் கற்பதே என்று இந்நூலுக்குப் பொருள் சொல்வோர் உளர். கரும்பலகையில் நாம் எழுதியதும் ஏறக்குறைய அதுவே. ஆனால், தாங்கியவன் சிறுவன் மட்டுமா? உயிரை இழந்தது கன்றல்லவா? ஒருவனது மனமுதிர்ச்சிக்கு மற்றோர் உயிரின் இறப்பை விலையாக வைத்து, அதனைப் பாடமென்று போற்றுதல் நமக்கு உடன்பாடன்று.

நம்மவருள் மற்றொரு சாரார், அவர்கள் வேட்டையாடி உண்போர், கொல்லாமை அறியார், அவர் கதையால் நமக்கென்ன பயன் என்று எளிதாக ஒதுக்கிவிடக்கூடும். இதுவும் முறையன்று. பென்னி கொல்வதில் இன்பம் காண்பவரல்லர். உணவுக்குத் தேவையான அளவே வேட்டையாடுபவர். களஞ்சியம் வெறுமையாய்க் கிடந்த வீட்டில் நின்று முடிவெடுத்தவரை, நிறைந்த வயிற்றோடு இருந்து பழிப்பது எளிது.

அவ்வாறாயின் பிழை எங்கே தொடங்கியது? கன்று பயிரை மேய்ந்த நாளிலன்று. அதனைக் காட்டினின்று கொண்டுவந்த நாளிலேயே தொடங்கியது என்பது நம் கருத்து. கொண்டுவந்தது குற்றம் என்று கூறவில்லை; தாயற்ற கன்றைக் காத்தது கருணையே. ஆனால் அந்நாளில் எவரும், வளர்ந்தபின் இது எங்கே வாழும், எதை உண்ணும், காட்டை மறந்துவிட்ட இதற்குக் காடு இனி இடம் தருமா என்று எண்ணிப் பார்க்கவில்லை. சிறுவனுக்கு வேண்டியிருந்தது தோழமை; கன்றுக்கு வேண்டியிருந்தது வாழ்வு. இரண்டும் ஓராண்டுக் காலம் ஒன்றுபோல் தோன்றின, பின்னர் வேறுபட்டன. வலியவனும் எளிய உயிரும் கொள்ளும் நட்பில், வரப்போவதை எண்ணிப் பார்க்கும் கடமை வலியவனுக்கே உரியது. எளிய உயிருக்கு அது இயலாது.

நம் ஆன்றோர் இதனை நுட்பமாக அறிந்திருந்தனர். கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தென அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் கூறுவதை நம் இல்லங்களில் கற்றோர் அறிவர்: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகு பாரம் ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். இவை ஐந்தும் நம்மை அண்டி வாழும் உயிர்களுக்கு நாம் இழைக்கக்கூடியவை என்பதை நோக்குக. காட்டு யானைக்கு எவரும் பாரம் ஏற்றுவதில்லை. எவ்வுயிரை நம் வேலிக்குள் கொணர்ந்தோமோ, அவ்வுயிரிடத்தேதான் நாம் மிகுதியும் பிழை செய்கிறோம்.

இங்கே நம் இளமையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்கு அப்போது எட்டு வயதிருக்கும். உடன்பிறந்தார் இல்லை. வீட்டுத் தொழுவத்தில் பிறந்த காளைக்கன்று ஒன்றே விளையாட்டுத் துணை. அதற்கு முன்னங்கால் ஒன்று சற்றே வளைந்திருந்தது. ஏருக்கு உதவாது என்று பெரியோர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது முளைக்குச்சி மட்டும் இருந்தது. கேட்டபோது, "சந்தைக்குப் போயிருக்குதும்மா, நல்ல கைக்குத்தான் போயிருக்கு" என்றார் பாட்டனார். அவர் இரவில் உண்ணாதவர்; நீரை வடிகட்டாமல் அருந்தாதவர்; எறும்புக்கும் தீங்கு நினையாதவர். நாம் அழுதோம், பின்னர் ஆறினோம். ஏருக்கு உதவாத கன்றை விலை கொடுத்து வாங்கும் நல்ல கை எது என்று, வளர்ந்தபின்னும் அவரிடம் நாம் கேட்டதில்லை. விடை நமக்குத் தெரிந்திருந்ததே காரணம்.

பென்னி பாக்ஸ்டர் தன் மகனிடம் பொய் சொல்லவில்லை. கயிற்றை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு, நடந்ததை அறியாதவர்போல் இருக்கவும் இல்லை. அவர் செய்தது நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும், தம் கையால் கொல்லாதிருந்ததே போதும் என்று அமைதி கொண்ட நம் இல்லத்தைக் காட்டிலும் அவர் வீட்டில் உண்மை மிகுந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும், செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்று வகையாலும் வினை வந்து சேரும் என்பது நம் அறநூல்களின் துணிபு. சந்தைக்கு அனுப்பிய கயிறு இவற்றுள் எதனைச் சேரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வசதியற்ற உழவரை நோக்கி நாம் விரல் நீட்டவில்லை. டிராக்டர் வந்தபின் காளைக்கன்றுக்கு வேலையில்லை, வைக்கோலுக்கோ விலையுண்டு. ஆயினும், பசு பால் தர வேண்டுமெனில் அது கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளுள் ஏறக்குறைய பாதி காளையே. ஆதலின் அக்கன்றின் பொறுப்பு தொழுவத்தாருக்கு மட்டும் உரியதன்று; நகரில் அமர்ந்து பால் அருந்தும் நமக்கும் உரியது. கிராமத்து உறவினர் கிழமாட்டை வைத்துக் காப்பாராயின், அதன் தீவனச் செலவில் ஒரு பங்கை நகரத்து உறவினர் ஏற்பது பெருஞ்செயலன்று.

சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் காட்டும் நாயை நம் பிள்ளைகள் அறிவர். அந்நாய் செய்த குற்றமும் பிறருக்குரிய உணவில் வாய்வைத்ததே. அடியுண்டு சாகக் கிடந்த அதன் செவியில் சீவகன் ஐந்து பதங்களை ஓதினான்; அது சுதஞ்சணன் என்னும் தேவனாகி, என்றும் அவனுக்கு நண்பனாயிற்று. சீவகனாலும் அதன் உயிரைக் காக்க இயலவில்லை. ஆனால் அது இறுதி மூச்சு விடும்வரை அவன் அகலவில்லை. ஒருநாளும் அவன் வளர்த்த நாயன்று அது. அதனிடம் அவன் பெற்ற பயன் எதுவுமில்லை. ஆயினும் அதன் முடிவை அவன் பிறர் கையில் விடவில்லை.

பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் இது. துணையில்லாத குழந்தைக்கு ஒரு நாய்க்குட்டியோ கன்றோ தருவது நன்றே. தருமுன், இது வளர்ந்தபின்னும் முதுமையடைந்தபின்னும் யார் காப்பது என்பதைக் குழந்தையை அருகிருத்திப் பேசி முடிவு செய்க. இயலாதெனில், வேண்டாம் என்று மறுப்பதும் கருணையே. இந்நூலையும் பன்னிரண்டு வயதை எட்டிய பிள்ளைகளுக்குத் தருக. தனியே படிக்கவிடாமல் உடனிருந்து படிக்க. அவர்கள் அழுதால் தடுக்க வேண்டா. யார் மேல் தவறு என்று அவர்கள் கேட்டால், நாம் செய்ததுபோல் மணியோசைக்குக் காத்திராதீர்கள்.

அன்று கடைசி வரிசையில் இருந்த சிறுமிக்கு இப்போது நடுவயது கடந்திருக்கும். அவளுக்கு நாம் தர வேண்டிய விடை இது: மான்மீது தவறில்லை, அம்மா. அன்பு செய்த சிறுவன்மீதும் இல்லை. அதனை வேலிக்குள் கொண்டுவர இசைந்த நாளில் அதன் நாளையை எண்ணிப் பாராத பெரியோர்மீதே தவறு. அப்பெரியோருள் நாமும் ஒருவர்.