தாவீது குடிக்காத தண்ணீர்



போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு தம்பி போனை நீட்டினான். "ஐயா, இதைப் பாருங்க." யூடியூபர் டி.டி.எஃப். வாசன் 2023 செப்டம்பர் 17-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஹயபுசா வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டப்போய் விழுந்தாரே, அந்தக் காட்சி. கை முறிந்ததோடு உயிர் தப்பினார். இரண்டு நாளில் கைது. ஜாமீன் கிடைக்க நவம்பர் 1 ஆகிவிட்டது. ஓட்டுநர் உரிமமும் பத்து வருஷத்துக்குப் போச்சு.

"அவர் வண்டி, அவர் உடம்பு, அவர்தான் விழுந்தார். இதுக்கு எதுக்கு ஐயா ஜெயில்?" என்றான்.

ரோடு அவருடையது இல்லையே தம்பி என்றேன். நம்ம நரிக்குடியில் எனக்குத் தெரிந்த வீலிங், டி.வி.எஸ். 50-ல் பின்னால் கரி மூட்டையை ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரை ஏறும்போது முன்சக்கரம் தானாக எழும்புமே, அதுதான். அந்த ஒரு நொடி, ஹேண்டில்பார் கையில் இருந்தும் இல்லாத மாதிரி. வயிறு கலங்கிப்போகும். ஹயபுசாவோ 1340 சி.சி., 260 கிலோவுக்கு மேல். முன்சக்கரம் தரையை விட்டால் திருப்ப முடியாது, முன் பிரேக்குக்கும் வேலையில்லை. ஆக்சிலேட்டரைக் குறைத்து, பின் பிரேக்கை மெல்லத் தொட்டு இறக்கினால்தான் உண்டு. கொஞ்சம் தப்பினால் அத்தனை பாரமும் எதிரே மொபெட்டில் வருகிற குடும்பத்தின் மேல்.

"ரோடு காலியா இருந்தா?" என்றான் தம்பி.

விடமாட்டான் போல. அதற்கு அன்று ராத்திரி என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது 2 சாமுவேல் 23-ஆம் அதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. தாவீதுக்குத் தாகம். பெத்லகேம் வாசல் கிணற்றுத் தண்ணீரை யாராவது கொண்டுவந்து தரமாட்டார்களா என்று ஏங்கினான். மூன்று பராக்கிரமசாலிகள் பெலிஸ்தரின் பாளயத்துக்குள் புகுந்து மொண்டு வந்தார்கள். அவன் அதைக் குடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் போனவர்களின் இரத்தம் அல்லவா அது என்று சொல்லி, கர்த்தருக்கென்று தரையில் ஊற்றிவிட்டான். தண்ணீரின் அருமை தெரிந்த நம்ம சீமையில் இதை வாசித்தால் மனசு பதறும். குடத்துத் தண்ணீரைத் தரையில் ஊற்றுவதா!

தாவீது யாரையும் போகச் சொல்லவில்லை, கவனியுங்கள். ஆசையை வாய்விட்டுச் சொன்னான், அவ்வளவுதான். "நானா அனுப்பினேன்? அவங்களாப் போனாங்க" என்று குடித்திருக்கலாம், யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. ஆனால் குடித்திருந்தால் அடுத்த தாகத்துக்கு இன்னும் மூன்று பேர் கிளம்பியிருப்பார்கள்.

வாசனைப் பின்தொடர்ந்தவர்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல். வண்டி 20 லட்சம், போட்டிருந்த பாதுகாப்பு உடையே லட்சக்கணக்கில், அதனால் அவர் பிழைத்தார், பார்த்துவிட்டு அதையே செய்கிற பிள்ளைகளுக்கு அது ஏது என்று அரசுத் தரப்பில் ஐகோர்ட்டில் வாதாடினார்கள். யூடியூப் தளத்தை மூடிவிட்டு வண்டியை எரித்துவிடலாம் என்றுகூட நீதிபதி கடுமையாகச் சொன்னார். எல்லாம் ஓட்டினவரைப் பற்றித்தான். பார்த்தவனை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. ஆனால் ஆள் இல்லாத ரோட்டில், கேமராவும் இல்லாமல், யாருக்காக ஒருவன் முன்சக்கரத்தைத் தூக்குவான்? சிலர் தூக்கலாம்தான். பந்தயத் தளத்தில் ஆம்புலன்ஸை நிறுத்திவைத்துவிட்டு ஓட்டிப் பழகுகிறவர்களை நான் இதில் சேர்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதைத் தம்பியிடம் சொன்னேன். காலி ரோடாகவே இருக்கட்டும், தண்ணீர் மொள்ளப் போனவனைப் பற்றிக் கேட்டாய், குடிக்கிறவனைப் பற்றி நான் சொல்கிறேன் என்றேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "ஐயா, நீங்க அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தீங்க?" என்றான்.

அன்று அவன் போனில் ஒரு தடவை. வீட்டில் மகளின் போனை வாங்கி மூன்று தடவை. சொன்னேன்.