தானாக உதிரும் இலை

பணி ஓய்வு பெற்ற பக்தர் ஒருவர் மனம் கலங்கிக் கேட்டார்: "சுவாமிஜி, பதவி போயிற்று. பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். மனைவியும் காலமாகிவிட்டாள். எல்லாம் உதிர்ந்துபோன நான் பட்ட மரம்தானே?"

அவருக்கு ஒரு மரத்தைப் பற்றிச் சொன்னேன். சீனாவைத் தாயகமாகக் கொண்ட அதன் பெயர் கிங்கோ.

அதை அடையாளம் காண்பது எளிது. இலை சிறு விசிறி போலிருக்கும். பெரும்பாலும் நடுவில் ஒரு பிளவு காணப்படும். நடுநரம்பு கிடையாது, காம்பிலிருந்து எழும் நரம்புகள் இரண்டிரண்டாகக் கிளைத்து விளிம்பை அடைகின்றன. இந்த இனத்தின் இலைப்பதிவுகள் சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலும் கிடைத்துள்ளன. உறவு மரங்களெல்லாம் அழிந்துவிட, இது ஒன்றே எஞ்சியது. சீனாவிலும் ஜப்பானிலும் பௌத்த ஆலயங்களில் பல நூற்றாண்டுகளாக இதனைப் போற்றி வளர்த்து வருகிறார்கள்.

அடையாளம் காண்பது கண்ணின் வேலை. புரிந்துகொள்வது விவேகத்தின் வேலை. இலையுதிர்காலத்தில் கிங்கோ பொன்னிறம் கொள்கிறது. அப்போது மரம் இலையிலுள்ள சத்தின் ஒரு பகுதியைத் தனக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. காம்பின் அடியில் ஒரு காப்புப் படலத்தை உருவாக்கிக்கொள்கிறது. பின்னர் உறைபனி விழுந்ததும், பல வேளைகளில் ஒரே நாளில் ஏறக்குறைய எல்லா இலைகளும் உதிர்கின்றன. காயம் முதலில் ஆறுகிறது. பிறகே இலை விழுகிறது!

புண்ணின் பொருக்கைப் பற்றிப் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவதும் இதுவே. ஆறுமுன் பிய்த்தால் இரத்தம் வரும். ஆறியபின் அது தானே உதிரும். துறவும் அத்தகையது. அது பிய்த்தெறிவதன்று, உள்ளே பக்குவமடைவது.

எனினும், பக்குவத்திற்குக் காத்திராமல் வரும் இழப்புகளும் உண்டு. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திற்குச் சுமார் 1,100 மீட்டர் தொலைவில், ஹோசென்போ ஆலயத்தில் ஒரு கிங்கோ நின்றது. ஆலயம் அழிந்தது. மரமோ மீண்டும் தளிர்த்தது. பின்னாளில் அதை வெட்டாமல் காத்தே ஆலயத்தைப் புதிதாகக் கட்டினார்கள்.

"அழுவது தவறன்று; ஆனால் உதிர்ந்தவற்றை 'நான்' என்று எண்ணாதீர்கள்" என்றேன் அந்தப் பக்தரிடம். பதவி போனாலும் அதில் கற்றது போகவில்லை; மனைவி மறைந்தாலும் அவர் தந்த அன்பு உள்ளே சேர்ந்திருக்கிறது. அந்தச் சத்தைக் கொண்டு ஜபமும் சேவையும் செய்யலாம்.

இலையற்ற மரமெல்லாம் பட்ட மரமன்று. வேர் இறைவனிடம் இருக்குமானால், தளிர் வரும்.