சுவரும் சாட்சியும்

இரவில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு சுவரில் தன் பெயரை எழுதிவிட்டு ஓடிப்போகிறவனுக்கு உண்மையில் என்னதான் வேண்டும் என்ற கேள்வியை நம்மில் பெரும்பாலோர் தத்துவ விசாரணைக்கு உரியதாகக் கருதுவதில்லை. அது போலீஸ் விவகாரம் என்றும், நகரசபையின் வெள்ளையடிப்புச் செலவைச் சேர்ந்த விஷயம் என்றும் ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரான்சிலும் இந்தத் தெரு எழுத்தைப் பற்றி எடுக்கப்பட்ட சில ஆவணப்படங்களைப் பொறுமையோடு பார்க்கிறவருக்கு, வேதாந்திகளும் பக்தர்களும் நெடுங்காலமாகக் கேட்டுவந்த ஒரு கேள்வியையே அந்தப் பிள்ளைகள் பெயிண்ட் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றாமல் இராது. ஒரு செயல் பூர்த்தி பெறுவதற்கு அதைக் காண்பவர் ஒருவர் அவசியமா? அவசியமென்றால், அந்தச் சாட்சி யார்?

1971-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை, மன்ஹாட்டனின் வடபகுதியில் 183-ஆம் தெருவில் வசித்த கிரேக்க வம்சத்து வாலிபன் ஒருவன் தன் செல்லப்பெயரையும் தெருவின் எண்ணையும் சேர்த்து 'டாக்கி 183' என்று ஊர் முழுவதும் எழுதிவருவதைச் செய்தியாக வெளியிட்டது. அவனுக்கு முன்பும் எழுதியவர்கள் உண்டு; அவனுக்குப் பின்போ கணக்கே இல்லை. சில ஆண்டுகளில் பெயர்கள் சுவரைவிட்டுச் சுரங்க ரயில்களுக்குத் தாவின. எழுத்துகள் பருத்தன, வளைந்தன, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. கடைசியில் ஒரு பெட்டியின் மேல்விளிம்பு முதல் அடிவிளிம்பு வரை ஒரே பெயர் நிறைந்து நிற்கும் நிலை வந்தது. அந்தக் காலத்தை அதன் உச்சியில் பிடித்துவைத்த படம் டோனி சில்வர் இயக்கி, ஹென்றி சால்ஃபன்ட் உடனிருந்து தயாரித்த 'ஸ்டைல் வார்ஸ்'. 1983-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வெளியான அதற்குப் பின் எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. எனக்கு இன்றும் அதுவே முதலாவது.

அந்தப் படத்தில் வரும் பிள்ளைகளில் ஒருவரும் தாய் தந்தையர் இட்ட பெயரை எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டோண்டி, சீன், ஸ்கீம், கேஸ் 2 என்று அவர்களே தெரிந்தெடுத்துக்கொண்ட பெயர்கள் அவை. பூர்வாசிரமப் பெயரைத் துறந்துவிட்டுப் புதிய நாமம் தரிக்கிற துறவியைப் போல அவர்களும் குடும்பத்தையும் குலத்தையும் வறுமையையும் சுட்டுகிற பெயரைக் களைந்துவிட்டு, ஓசையும் உருவமும் மட்டுமே உடைய ஒரு பெயரைத் தரித்துக்கொள்கிறார்கள். ஆகவே இதனை அகங்காரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட என்னால் இயலவில்லை. அகங்காரமாயிருந்தால், ஊரெங்கும் புகழ் பெற்றபின் அந்தப் பெயருக்கு உரியவன் தானே என்று சொல்லிக்கொள்ள இயலாத நிலையை அவர்கள் விரும்பி ஏற்றிருக்கமாட்டார்கள். ஆனால் இது துறவுமன்று. பெயரின்மேல் அவர்களுக்கிருந்த பற்று, உடம்பின்மேல் நமக்கிருக்கும் பற்றுக்குச் சிறிதும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஸ்கீம் என்ற பையன் தன் வீட்டில் தாயின் அருகில் இருந்துகொண்டு பேசுகிற கட்டம் ஒன்று அந்தப் படத்தில் வருகிறது. நடுநிசியில் ரயில் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து, மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளத்தைத் தாண்டிப் போய் எழுதிவிட்டு வருவதனால் உனக்கு என்ன பிரயோஜனம் என்பதுதான் அந்தத் தாயின் கேள்வியின் சாரம். மகன் சொல்லும் பதில், இது உங்களுக்காகவன்று, எழுதாத மற்றவர்களுக்காகவும் அன்று, எனக்காகவும் என்னைப் போல் எழுதுகிறவர்களுக்காகவும்தான் என்கிற கருத்தில் அமைகிறது. அவள் அதை நம்பவுமில்லை, அவனை வெறுக்கவுமில்லை. சிரிப்பும் சலிப்பும் கலந்த முகத்தோடு அவனைப் பார்க்கிறாள். ஆத்மார்த்தமாகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற எவரையும் நாம் பார்க்க வேண்டிய விதம் ஏறக்குறைய அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஏனெனில் பையன் சொன்னது பாதி உண்மை. சிற்பியான சால்ஃபன்ட் உயரப்பாதை நிலையங்களின் மேடையில் காத்திருந்து, எதிர்ப்புறத்தில் ரயில் வந்து நின்றதும் நடந்துகொண்டே பகுதி பகுதியாகப் படமெடுத்து, பின்னர் அவற்றை ஒட்டி முழுப் பெட்டியையும் ஒரே நீண்ட புகைப்படமாக்குவார். பிள்ளைகள் அவருடைய சிற்பக்கூடத்துக்கு வந்து தங்கள் பெயரைப் பார்த்து மகிழ்வார்கள். புதிதாக ஒன்று எழுதினால் அவருக்குச் செய்தி சொல்லி அனுப்பவும் தொடங்கினார்கள். சாட்சி ஒருவர் வாய்த்தவுடனே செயலின் சுபாவம் மாறிவிடுகிறது. நாளைக்கு அழியும் என்று தெரிந்து செய்த காரியம், புகைப்படத்தில் நிலைக்கும் என்று தெரிந்து செய்கிற காரியமாகிவிடுகிறது.

இந்த மர்மத்தைப் பிள்ளைகளைக் காட்டிலும் நன்றாக விளங்கிக்கொண்டது, வேடிக்கையாக, ரயில்வே நிர்வாகம்தான். வேலி போட்டார்கள், நாய்களைக் காவல் வைத்தார்கள், ரசாயனம் பீச்சிக் கழுவினார்கள். ஒன்றும் பெரிதாகப் பலிக்கவில்லை. 1984 முதல் வேறொரு முறையைக் கையாண்டார்கள்: ஒரு பெட்டியில் எழுத்து ஏறிவிட்டால், அதைச் சுத்தம் செய்யும்வரை அந்தப் பெட்டி ஓடாது. எழுதியவனைப் பிடிக்கவேண்டிய தேவை அதோடு குறைந்தது. அவன் பெயர் நகரத்தைச் சுற்றிவருவதை அவனும் பார்க்க முடியாது, அவன் தோழர்களும் பார்க்க முடியாது. 1989 மே 12-ஆம் தேதி, எழுத்துள்ள கடைசி ரயிலும் அகற்றப்பட்டதாக அறிவித்தார்கள். சாட்சியை நீக்கிவிட்டால் கர்மமும் தானே ஓய்ந்துவிடும் என்ற சித்தாந்தத்தை எந்த மடாதிபதியும் இவ்வளவு செலவு செய்து நிரூபித்ததில்லை.

சுவர் யாருடையது என்ற நியாய வாதத்தையும் இங்கே முற்றிலும் விட்டுவிட முடியாது. மான்ஃபிரட் கிர்க்ஹைமர் 1981-இல் வெளியிட்ட 'ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி எலிவேட்டட்' என்ற சிறு படம் வியாக்கியானம் ஏதுமின்றி, சார்லஸ் மிங்கஸின் இசையைத் துணையாகக் கொண்டு, எழுத்தேறிய ரயில்களையும், அதே வானத்தின் கீழ் நிற்கும் ராட்சத விளம்பரப் பலகைகளையும் மாறி மாறிக் காட்டுகிறது. பணம் கொடுத்தவன் நம் கண்ணில் எதையும் திணிக்கலாம், கொடுக்காதவன் கூடாது என்பதா என்று அது கேளாமல் கேட்கிறது. கேள்வி நியாயமானதே. அதற்காக, பிறர் கதவில் வண்ணம் பீச்சுவது தர்மமாகிவிடாது. ஒரு அநியாயம் மற்றொன்றுக்கு அனுமதிச் சீட்டு அன்று. இதற்குமேல் அந்த வாதத்தில் எனக்கு ருசியில்லை.

நான் நெடுநேரம் தங்க விரும்புவது சிட்னி நகரத்து ஆர்தர் ஸ்டேஸ் என்பவரிடத்தில். 1885-இல் ரெட்ஃபர்ன் பகுதியில், குடிகாரப் பெற்றோருக்குப் பிறந்து, பள்ளிப்படிப்பென்று சொல்லத்தக்கது ஏதும் இல்லாமல் வளர்ந்து, சூதாட்ட விடுதிகளுக்குப் போலீஸ் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் காவலாளாகத் திரிந்து, முதல் உலக யுத்தத்தில் பிரான்சில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்து, திரும்பி வந்தபின் தாமும் குடியில் மூழ்கிய மனிதர் அவர். 1930 ஆகஸ்டில் ஒரு மாலை, பிரசங்கம் கேட்டால் தேநீரும் கேக்கும் தருவார்கள் என்பதற்காகவே செயின்ட் பர்னபாஸ் தேவாலயத்துக்குள் நுழைந்தார்; வெளியே வரும்போது வேறு மனிதராக வந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஜான் ரிட்லி என்ற பிரசங்கி ஏசாயாவின் ஆகமத்தில் 57-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, நித்தியம் என்ற அந்தச் சொல்லைச் சிட்னியின் தெருக்களெங்கும் முழங்க விரும்புவதாகப் பேசினார். ஸ்டேஸின் சட்டைப்பையில் ஒரு சாக்குக்கட்டி இருந்தது. வெளியே வந்தவுடன் குனிந்து நடைபாதையில் 'எடர்னிட்டி' என்று எழுதினார். தம் கையெழுத்தையே ஒழுங்காகப் போடத் தெரியாதவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் செப்புத்தகட்டில் செதுக்கியதுபோல் அழகிய சாய்வெழுத்தாக வந்தது என்றும், அது தமக்கே விளங்கவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 1967-இல் அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய 35 ஆண்டுகள், விடிவதற்கு முன் எழுந்து ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பி, நடைபாதை நடைபாதையாக அதே சொல்லை எழுதினார். ஐந்து லட்சம் தடவை எழுதியிருப்பார் என்று ஒரு மதிப்பு உண்டு. நடைபாதையைக் கெடுப்பது குற்றம் என்ற நகரசபைச் சட்டம் அவருக்கும் பொருந்தும். போலீஸார் தடுத்தபோதெல்லாம், தமக்கு மேலிடத்து அனுமதி உண்டு என்கிற பாணியில் அவர் பதில் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது.

லாரன்ஸ் ஜான்ஸ்டன் 1994-இல் எடுத்த 'எடர்னிட்டி' என்ற ஆவணப்படம், விடியற்காலையில் தனியே நடந்து செல்லும் அந்த மனிதரை நடிப்பின் மூலம் காட்டி, வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சொல்லைக் கண்டவர்களின் நினைவுகளையும் தொகுத்துத் தருகிறது. கண்டவர்கள் பலர், எழுதியவர் யாரென்று 1956 வரையில் ஊருக்குத் தெரியாது. நியூயார்க் பிள்ளைகள் பெயரை எழுதி ஆளை மறைத்தார்கள் என்றால், இவர் பெயரையும் எழுதவில்லை. பின்பு ஓவியர் மார்ட்டின் ஷார்ப் அந்தச் சொல்லைத் தம் படங்களில் எடுத்தாண்டார். 2000-ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில் சிட்னி துறைமுகப் பாலத்தின்மேல் அதே கையெழுத்து வடிவத்தில் அதை விளக்குகளால் ஒளிரச் செய்தார்கள். உலகம் தொலைக்காட்சியில் கண்டது. மனந்திரும்புங்கள், காலம் குறுகியது என்று வழிப்போக்கனை எச்சரிக்கப் புறப்பட்ட சொல், வாணவேடிக்கைக்கு நடுவில் நகரத்தின் அலங்காரச் சின்னமாக நின்றது. இதனைப் பெருமை என்று அந்த ஊரார் கொண்டாடுகிறார்கள். எச்சரிக்கையைக் கழற்றிவிட்டு எழுத்தின் அழகை மட்டும் வைத்துக்கொள்வது, சாமியைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தேரை இழுப்பதற்கு ஒப்பானது என்றே நான் நினைக்கிறேன்.

சிட்னி பொதுத் தபாலகத்தின் கடிகாரக் கோபுரத்தை, ஆகாயத் தாக்குதலுக்கு அஞ்சி 1942-இல் பிரித்துவைத்திருந்தார்கள். 1960-களில் மீண்டும் கட்ட எடுத்தபோது, பெரிய மணியின் உட்புறத்தில் சாக்குக்கட்டியால் அந்த ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. வழிப்போக்கன் யாரும் தலையை நுழைத்துப் பார்க்க முடியாத இடம் அது. உபதேசத்துக்கு உதவாத இடம். பிறரை எச்சரிப்பதற்காகவே எழுதுகிறேன் என்ற விளக்கம் அந்த மணிக்குள் செல்லாது. எழுதியது ஸ்டேஸ்தான் என்றால், ஸ்கீமின் பாதி உண்மைக்கு மறுபாதி அங்கேதான் இருக்கிறது: பார்ப்பவர் ஒருவரும் இல்லாத இடத்திலும் தம்மைப் பார்க்கும் ஒருவர் உண்டு என்ற நிச்சயமுடையவருக்கு மட்டுமே அப்படி எழுதத் தோன்றும்.

அந்த நிச்சயம் இல்லாதவர்கள் என்ன செய்வது? அதற்கு ஒரு பதிலை ஆனியஸ் வர்தாவும் ஜே.ஆர். என்ற தெருக்கலைஞரும் சேர்ந்து 2017-இல் எடுத்த 'முகங்களும் ஊர்களும்' என்ற பொருள்படும் பிரெஞ்சுப் படத்தில் காண்கிறேன். நார்மண்டிக் கடற்கரையில், ஜெர்மானியர் கட்டிய யுத்தகாலக் காவலறை ஒன்று மேட்டிலிருந்து விழுந்து மணலில் சாய்ந்து கிடக்கிறது. வர்தா தம் இளமையில் எடுத்த புகைப்படம் ஒன்றை, கீ பூர்தேன் என்ற நண்பர் சாய்ந்து அமர்ந்திருக்கும் படத்தை, பிரமாண்டமாகப் பெருக்கி, அலை வற்றியிருக்கும் சில மணி நேரத்துக்குள் ஏணி வைத்து, பசை தடவி, அவசர அவசரமாக அந்தக் கான்கிரீட்டின்மேல் ஒட்டுகிறார்கள். மறுநாள் காலையில் வந்து பார்க்கிறார்கள். இரவு வந்த அலை ஒரு துண்டு காகிதம்கூட மிச்சம் வைக்கவில்லை. வர்தாவுக்கு அப்போது தொண்ணூறை நெருங்கும் வயது, பார்வையும் மங்கிக்கொண்டிருக்கிறது. வெறும் கான்கிரீட்டையும் கேமரா காட்டுகிறது, நேற்றைய படத்தைக் காட்டியது போலவே, குறைப்பட்டுக்கொள்ளாமல். வேதாந்தம் சொல்லும் சாட்சியின் லக்ஷணம் தான் காண்பவற்றிடம் ஒன்றையும் வேண்டாமலிருப்பது. சால்ஃபன்டின் கேமரா வேண்டியது. அதனால் பிள்ளைகள் அதற்காக எழுதினார்கள். இந்தக் கிழவியின் கேமரா அந்த ஒரு காலையில் சாட்சி என்ற பெயருக்கு மிக அருகில் வருகிறது.

இதற்கு நேர் எதிரானது, தம் பெயரை மறைத்துக்கொண்ட தெருக்கலைஞர் பேங்க்ஸி 2010-இல் வெளியிட்ட 'எக்ஸிட் த்ரூ த கிஃப்ட் ஷாப்'. அதில் தியேரி கெத்தா என்ற மனிதர் தெருக்கலைஞர்களைப் பின்தொடர்ந்து இரவு பகலாகப் படம் பிடிக்கிறார். பிடித்த நாடாக்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைக்கிறார். ஒன்றையும் போட்டுப் பார்ப்பதில்லை. பின்னர் அவரே கலைஞராகி லட்சக்கணக்கில் விற்கிறார். முழுப் படமுமே பேங்க்ஸியின் குறும்பு என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. குறும்பானாலும் பாடம் கெட்டுப்போகவில்லை. தம் பெயரை மறைத்தவருடைய சுவர்த்துண்டுகளே பெருந்தொகைக்கு ஏலம் போகும் காலத்தில், பெயரைத் துறப்பதும் பெயர் சம்பாதிக்கும் உபாயங்களில் ஒன்றாகிவிட்டது.

இத்தனை படங்களிலும் அதிகம் பேசப்படாத ஒரு மனிதர் இருக்கிறார்: அழிப்பவர். எழுத்தின் ஒவ்வொரு வளைவின்மேலும் அங்குலம் அங்குலமாகக் கையை நகர்த்துகிறவர் அவர். எந்த ரசிகரும் அவ்வளவு நெருங்கி நின்று அதைப் பார்த்ததில்லை. மாட் மக்கார்மிக் 2001-இல் எடுத்த ஒரு பதினாறு நிமிஷப் படம் போர்ட்லண்ட் நகரத்தில் இவர்களை எடுத்துக்கொண்டு, எழுத்தை மறைக்கச் சுவரின் நிறத்தோடு சரியாக ஒட்டாத வண்ணத்தால் இவர்கள் பூசிவைக்கும் சாம்பல் சதுரங்கள் நவீன ஓவியங்களேயென்றும், தாம் கலை செய்கிறோம் என்று அறியாமலே செய்கிறார்கள் என்றும், விளையாட்டும் வினையுமாக வாதிக்கிறது. கர்த்தா என்ற எண்ணமற்ற கர்மம் இதுதானே என்று நாம் குதூகலிக்கக்கூடும். எனக்கு அதில் சம்மதமில்லை. தமக்கு இருந்ததென்றே தெரியாத ஒன்றை ஒருவர் துறந்துவிட்டதாகச் சொல்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதையன்று. அவர் கூலிக்கு வேலை செய்கிறார், மாலையில் வீட்டுக்குப் போகிறார். மறுவாரம் அதே சதுரத்தில், முன்னிலும் நன்றாக எழுத இடம் கிடைத்ததென்று, அதே பெயர் மீண்டும் வந்திருக்கும். அவரும் வாளியோடு வருவார். பார்ப்பவர் வேண்டுமென்று தவம் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு வாரமும் தவறாமல் வருகிற வாசகர் அவர் ஒருவரே என்பதை இருவரிடமும் போய் யாராவது சொன்னால், சண்டைக்குத்தான் வருவார்கள்.