கதவை யாருக்காகப் பூட்டுகிறோம்?

இரத்தினபுரி ரப்பர் மலைகளில் காலமெல்லாம் பால் வெட்டிய உடம்பு, வேலை ஓய்ந்த பிறகும் விடியுமுன் எழுந்துவிடும். மறதிநோய் பெரும்பாலும் அண்மையில் நடந்ததைத்தான் முதலில் அழிக்கிறது. கைப்பழக்கம் வெகுகாலம் தங்கி நிற்கிறது. அதனால்தான் மகளின் பெயரை மறந்தவரும் இருட்டோடு எழுந்து பால் வாளியைத் தேடுகிறார், வெட்டுக்கத்தியைக் கேட்கிறார், பிரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று இஸ்தோப்பைத் தாண்டி இறங்கப் பார்க்கிறார். வெளியே பாசி பிடித்த கல்லுப்படி, அதையடுத்துக் கான், கீழே ஆறு. வெளிப்பக்கம் கொண்டியைப் போட்டுவிட்டு மனைவி கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனால், அதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அந்தக் கொண்டி அவரைக் காக்கிறதா, அவளுடைய பயத்தைத் தணிக்கிறதா என்று கேட்டாக வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

அடைத்தோ கட்டியோ வைத்தால் ஆள் விழமாட்டார் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்க முதியோர் இல்லங்களில் மேரி டினெட்டி குழுவினர் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வு அதை ஆட்டிவிட்டது. கட்டிவைக்கப்பட்டவர்களிடம் விழுந்து பலத்த காயம்படுவது குறையவில்லை; கூடுதலாகவே தென்பட்டது. யோசித்தால் இதில் வியப்பில்லை. நடக்காத கால் சூம்பும், சூம்பிய காலோடு ஒருநாள் திமிறி எழுந்தால் விழாமல் என்ன செய்யும்? ஆகவே கொண்டி ஆபத்தை ஒழிப்பதில்லை, கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவைக்கிறது. எனக்குப் படுகிற அளவுகோல் இதுதான்: நேர்ந்தால் திருத்த முடியாத கேட்டுக்கு மட்டும் தடை, மற்றதற்கு வழி. எரியும் கொள்ளி, களைநாசினிப் போத்தல், தீட்டிய கத்தி, ஆற்றங்கரை ஆகியவற்றில் விட்டுக்கொடுப்பே கூடாது. அப்போதும் முடிந்தவரை அகற்ற வேண்டியது பொருளைத்தான், மனிதரை அல்ல. வெறும் வாளியைக் கையில் கொடுத்து, லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து வரவிட்டால் போகிறது. சட்டையைப் புறம் மாற்றிப் போட்டுக்கொண்டோ காலில் சேறோடோ வருவார். வரட்டும்.

இது சமதரை அல்ல, மலை என்பார்கள். நியாயம்தான். 2017 மே மாத வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்ட மாவட்டம் இது. ஆனால் மே மாதத்துக் கதவும் ஜனவரி மாதத்துக் கதவும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? இதைவிடக் கனமானது இன்னொரு மறுப்பு: அவர் விழுந்துவிட்டால் பழி மனைவி தலையில் விடியும். “ஏன் வெளிய விட்ட?” என்று கேட்க ஊரே வரும், உள்ளேயே கிடந்து ஒடுங்கினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதனால் இந்த முடிவை அவள் தனியாக எடுக்கக் கூடாது. பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் அறிய, கூடுமானால் அவருக்கே சொல்லத் தெரிந்த காலத்தில், எதுவரை விடுவது என்று பேசி வைக்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் குறைந்தபட்சம் பார்க்கும் கண்களாவது உண்டு. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களை மீண்டும் காம்பராவுக்குப் போ என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும்தான். ஆனால் அந்தக் கண்களை அங்கே புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இல்லத்தில் சேர்ப்பது பாவமா? அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசர் சாண்ட்ரா டே ஓ’கானர், அல்சைமர் நோய் கண்ட கணவர் ஜானுக்காக 2006இல் பதவியை விட்டு விலகியவர். பிறகு ஜானைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க நேர்ந்தது. அங்கே ஜானின் மனம் வேறொரு பெண்மணியிடம் ஒன்றிவிட்டது. அவர் மகிழ்ச்சியாக இருப்பதில் அம்மாவுக்கு நிம்மதிதான் என்று மகன் 2007இல் தொலைக்காட்சியில் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை எந்த மனைவிக்கும் கட்டளையாக விதிக்க நான் தயாரில்லை. இல்லம் என்றாலே சிறை அல்ல என்பதற்கு மட்டும் இது போதும். இரத்தினபுரி அடங்கிய சப்ரகமுவவில் சிக்கல் வேறு. இந்நோயில் பிற்காலத்தில் பழகிய மொழி முதலில் நழுவக்கூடும். சிங்களம் மட்டும் பேசும் இடத்தில் தோட்டத்துத் தமிழருக்குக் கதவு திறந்தே கிடந்தாலும், “ஒண்ணுக்கு வருது” என்று சொன்னால் புரிந்துகொள்ள ஆளிருக்காது.

தாய் மலைக்குப் போகும் நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்துக்குத் தெரியும். அவள் கை வேலைக்குத் தேவைப்பட்டதால்தான் பிள்ளைக்காம்பராவும் ஆயாவும் வந்தார்கள். முதியவருக்கும் பகல்நேரத்தில் அப்படி ஓரிடம் கேட்டால், பெரியவரைக் குழந்தையாக்குகிறீர்களா என்ற கேள்வி எழும். தொட்டிலும் தாலாட்டும் யாரும் கேட்கவில்லை. வேலி போட்ட ஒரு முற்றம், நிழலுக்கு ரெண்டு மரம், அவரைப் பேர் சொல்லித் தமிழில் கூப்பிட ஒரு ஆள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் தங்கள் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.