எந்த என்ஜின் மலையேறுகிறது?

மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் ஊட்டி ரயிலுக்கு என்ஜின் பின்னால்தான் இருக்கும். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே அது மலையேறும். கல்லாறு தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை, செங்குத்தான இடங்களில் 12 அடி போனால் 1 அடி உயரம் ஏற வேண்டும். சாதாரணச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கிவிடும். அதனால் என்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றத்தில், அந்த இரண்டிலும் உழைத்து வெளியேறும் நீராவி அடுத்த இரண்டுக்குள் புகுந்து, சட்டத்தைக் கவ்வும் பல்சக்கரத்தைச் சுழற்றும். சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இந்தப் பாதையின் 'எக்ஸ்' வகை என்ஜின்கள் 1914-க்கும் 1952-க்கும் இடையே அதே நாட்டின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் பிறந்தவை.

1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகையையும் எட்டிய இந்த ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. ஆனால் நூறு வயதை நெருங்கும் கொதிகலனை மலையில் ஏற்றிக்கொண்டே இருக்க முடியுமா? திருச்சி பொன்மலைப் பணிமனை, எண்ணெயில் எரியும் புதிய எக்ஸ் வகை என்ஜின்களை 2011 முதல் கட்டத் தொடங்கியது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டி அனுப்பியது. அதே அமைப்பு, அதே பல்சக்கரம், அதே பாதை. பழைய என்ஜின்களில் சில ரயில் நிலையங்களில் காட்சிக்கு நிற்கின்றன. அப்படியானால் ஊட்டி ரயில் என்ஜின் என்று எதைச் சொல்வது? அசையாமல் நிற்கும் சுவிஸ் இரும்பையா, மலையேறும் பொன்மலை இரும்பையா?

பழைய வண்டிக்கு உயிர்கொடுக்கும் நண்பர் கூட்டங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு பழைய ஜீப்பை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் கூடி என்ஜினை இறக்குவார்கள். பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ரீபோர் செய்து, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கைத் தேய்த்துப் புது பேரிங் மாட்டுவார்கள். வேலை முடியும்போது பாதி வண்டி புதிதாகியிருக்கும். சட்டத்தின் பதில் சுருக்கமானது: சேஸிஸ் எண்ணைப் பார், என்ஜின் மாறினால் அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய். கூடி உழைத்தவர்களுக்கு இந்தப் பதில் போதாது. கோவை எஸ். கரிவரதன், குடும்பங்கள் கடைக்குப் போக ஓட்டிய மாருதி 800-ன் என்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். அதே என்ஜின்தான், ஆனால் அது வேறொன்றாகிவிட்டது. கோ-கார்ட் நீள்நேரப் போட்டியிலும் இதன் மறுபக்கம் தெரிகிறது. நண்பர்கள் மாறி மாறி இருக்கையில் ஏறுகிறார்கள். சுற்றுக் கணக்கோ ஒரே அணியின் பெயரில் ஏறுகிறது.

கிரேக்கர்களிடம் இது தீசியஸின் கப்பல். மட்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது அதே கப்பலா? 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதை இன்னும் இறுக்கினார். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது உண்மையானது? அவர் கற்பனையில் நிறுத்திய இரண்டு கப்பல்களும் நீலகிரியில் இரும்பாகவே நிற்கின்றன.

நம் பக்கத்தில் இந்த விவாதம் தேரில் தொடங்குகிறது. மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா? எதுவுமே இல்லை. இவையெல்லாம் கூடும்போது நாம் இட்டு வழங்கும் பெயர்தான் தேர் என்கிறார் அவர். மனிதனும் அப்படித்தான் என்பது அவர் போய்ச் சேரும் இடம். நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளுக்கு அப்பால் 'அவயவி' என்ற முழுப்பொருள் மெய்யாகவே உண்டு என்றார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய முழுமை அழிந்து புதியது தோன்றுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில், குன்னூர்ப் பணிமனையில் ஒரு குழாய் மாற்றப்படும்போதெல்லாம் ஒரு என்ஜின் இறந்து இன்னொன்று பிறக்கிறது. தருக்கமாகப் பிழையில்லை. ஆனால் அந்த என்ஜினோடு வேலை செய்பவர் எவரும் இதை ஏற்கமாட்டார்.

கோயில்கள் வேறு வழி கண்டன. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து, இறையாற்றலைக் கும்பத்திலோ அத்திப்பலகையிலோ எழுந்தருளச் செய்கிறார்கள். கல்லும் சுதையும் மாறி முடிந்தபின் குடமுழுக்கில் அதை மீண்டும் மூலவரிடம் சேர்க்கிறார்கள். பொருள் மாறும், இருப்பு அறுவதில்லை. திருவாரூர் ஆழித்தேர் 1970-ல் மீண்டும் ஓடியபோது அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தது திருச்சி பெல் நிறுவனம். வடம் பிடித்த எவரும் இது தியாகராசர் தேர் இல்லை என்று சொல்லவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தள்ளிவிடக் கூடாது. 1914-ல் வார்த்த இரும்புக்கு ஒரு சாட்சித்தன்மை இருக்கிறது. எத்தனையோ மழைக்காலங்களில் எத்தனையோ கைகள் தொட்ட உலோகம் அது. எந்தப் பிரதியாலும் அதை ஈடுசெய்ய முடியாது. பழைய என்ஜின்களைப் பத்திரமாக வைத்திருப்பது அதனால் அவசியம். ஆனால் அது மட்டும் போதும் என்று நினைத்தால் மிஞ்சுவது ஓடாத இரும்பு.

இங்கே சைவ சித்தாந்தத்தின் காரண விளக்கம் கைகொடுக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். பாரம்பரியம் பற்றிய பேச்சில் முதற்காரணமான உலோகத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். வரைபடமும் லேத்தும் துணைக்காரணமாக ஆவணங்களில் இடம்பிடிக்கின்றன. கொதிகலன் குழாயை அடைக்கத் தெரிந்தவர், பல்சக்கரத்தின் தேய்மானத்தைக் கையால் தடவியே சொல்பவர், பல்சட்டத்துக்குள் நுழையும்போது வேகத்தைக் காதால் அளக்கும் ஓட்டுநர் ஆகியோரே நிமித்த காரணம். பேச்சில் அவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். ஆனால் 1914-ன் என்ஜினையும் 2011-ன் என்ஜினையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது கை மாறி வந்த இந்த அறிவுதான். பொன்மலையில் கட்டியது பிரதி அல்ல, அதே மரபின் அடுத்த என்ஜின். கோயில்கள் இருப்பு என்று காத்ததை இங்கே இந்தக் கைகள் காக்கின்றன. 1994-ல் ஜப்பானின் நாரா நகரில் வெளியான ஆவணமும், ஒரு சின்னத்தின் உண்மைத்தன்மையை மதிப்பிடும்போது மூலப்பொருளோடு அதன் பயன்பாட்டையும் செய்நுட்ப மரபையும் பார்க்கலாம் என்கிறது.

ஆகவே ரயில்வேயிடம் கேட்க வேண்டியது புதிய என்ஜின்களை மட்டுமல்ல. குன்னூர்ப் பணிமனையிலும் பொன்மலையிலும் மூத்தவர்கள் ஓய்வு பெறுமுன், நீராவி வேலைக்கென்றே பயிற்சியாளர்களை ஆண்டுதோறும் சேர்க்க வேண்டும். நீலகிரியிலும் கோவையிலும் என்ஜின் இறக்கிப் பழகும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அங்கே இடம் தர வேண்டும். உதகைக்கு ரயிலில் போகும் வாசகர்கள், குன்னூரில் என்ஜின் மாற்றும்போது இறங்கி, அந்த எண்ணெய்க் கறைச் சட்டைக்காரர்களிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு ஏறுங்கள்.