எதையும் இழுக்காத சோக்

ஒரு பழைய ஃபியட் கார். டாஷ்போர்டின் கீழ் விளிம்பில் கறுப்பாக ஒரு சோக் குமிழ். அதற்குப் பின்னால் கேபிள் கிடையாது. கேபிள் போய்ச் சேரவேண்டிய கார்புரேட்டரும் கிடையாது. இழுத்தால் கையோடு வரும், விட்டால் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். ஆனாலும் வண்டிக்காரர் காலையில் சாவியைத் திருப்பும் முன் அதை இழுக்கிறார். தெருமுனை திரும்பியதும் உள்ளே தள்ளிவிடுகிறார். போன டிசம்பரில் சாயர்புரம் போயிருந்தபோது இதைப் பார்த்தேன். பார்த்த மறுநாளே மறந்திருக்க வேண்டிய விஷயம். மறக்கவில்லை.

வண்டிக்காரர் எனக்கு அத்தான் முறை. காரை வாங்கியது அவருடைய அப்பா, என் தாய்மாமா. 1971-ல் வந்த ஃபியட் 1100 டிலைட். மாமாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். ஏரலுக்கும் தூத்துக்குடிக்கும் அந்த வண்டியில்தான் போய்வருவார். அவர் காலமான பிறகு வெகுகாலம் ஷெட்டில் கிடந்ததை அத்தான் ஒரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பழைய எஞ்சினை இறக்கிவிட்டு மாருதி ஜிப்ஸியின் எஞ்சினை ஏற்றச் சொன்னார். கதை இவ்வளவுதான்.

ஜிப்ஸியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எஸ்டீம், ஸ்விஃப்ட் மாதிரிக் கார்களில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரங்களை ஓட்டும். ஃபியட்டில் ஓடுவது பின்சக்கரம். ஜிப்ஸியில் எஞ்சின் நெடுக்காக இருக்கிறது. நான்கு சக்கர ஓட்டத்துக்கான ட்ரான்ஸ்ஃபர் கேஸும் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக இருப்பதால், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம். பழைய எஞ்சின் 1089 சிசி, குதிரைத்திறன் 40 சொச்சம். புதியது 1298 சிசி, 16 வால்வு, நிமிடத்துக்கு 6000 சுற்றில் 80 குதிரைத்திறன். ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த ஹேண்ட் கியர் போய், இப்போது தரையிலிருந்து ஒரு கம்பி முளைத்திருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை சென்சார்களைக் கேட்டு ஒரு சின்னப் பெட்டி முடிவு செய்கிறது. அந்தப் பெட்டிக்கு சோக் என்று ஒன்று உலகத்தில் இருந்ததே தெரியாது.

பக்கத்துப் புதுக்கோட்டை வரை போய்த் திருநெல்வேலி நால்வழிச் சாலையில் ஏறினோம். அத்தான் மூன்றாவது கியரிலேயே வைத்து அழுத்தினார். மாமா ஓட்டும்போது வண்டி எழுபதைத் தொட்டாலே பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். இப்போது எஞ்சின் சுற்று ஏற ஏறத்தான் அதற்கு உற்சாகம் வருகிறது. கண்ணாடிகள் கிடுகிடுக்க, கதவுகள் ஏதோ முறையிட, அது மட்டும் இன்னும் கொடு இன்னும் கொடு என்கிறது. நன்றாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். நான்கு சக்கரத்திலும் இருப்பது பழைய டிரம் பிரேக் என்று வாகைக்குளம் பக்கம் ஒரு லாரி குறுக்கே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் என் மனம் லாரியில் நிற்கவில்லை, சோக்கில்தான் நின்றது. “இது எதுக்கு அத்தான் இன்னும்?” என்று கேட்டிருந்தேன். “கிடக்கட்டும் மாப்ளே. எடுத்துட்டா அந்த எடம் பொக்கையாத் தெரியும்” என்றார். ஓட்டை தெரியாமலிருக்க ஒரு குமிழ். சரி, ஒப்புக்கொள்ளலாம். ஓட்டையை அடைக்கக் குமிழ் இருந்தால் போதுமே. அதை எதற்கு இழுக்க வேண்டும்?

சோக் செய்யும் வேலை எளியது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கார்புரேட்டருக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் அடைத்து, பெட்ரோல் மிகுந்த கலவையைக் கொடுத்து எஞ்சினை எழுப்ப வேண்டும். இமயமலைப் பக்கம் இது உயிர்நாடி. தூத்துக்குடிப் பக்கம் எங்கே இருக்கிறது குளிர்? மார்கழியில்கூட விடியற்காலையில் ஒரு துண்டைத் தோளில் போட்டால் போதும். யோசித்துப் பார்த்தால் மாமா காலத்திலும் அந்தக் குமிழுக்குப் பெரிய வேலை இருந்திருக்காது. ஆனால் அவர் வருஷம் முழுக்க இழுப்பார். சித்திரையிலும் இழுப்பார். இழுத்து, ஸ்டார்ட் ஆனதும் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டு, கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே விடுவார். பின்சீட்டில் பிள்ளைகள் நாங்கள் அது முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அப்படியென்றால் அத்தான் ஒரு பயனுள்ள செயலின் வெற்றுப் பிரதியைச் செய்யவில்லை. ஏற்கெனவே பாதி வெற்றாக இருந்ததைத்தான் முழுவதும் வெற்றாக்கியிருக்கிறார். இது விஷயத்தைச் சுலபமாக்குகிறதா சிக்கலாக்குகிறதா?

சின்ன வயதில் அப்பா என்னைத் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். புதுத் துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாகிவிட்டாலும் தோணிகள் பழைய இடத்தில்தான் கட்டிக் கிடக்கும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகும் பெரிய மரத்தோணிகள். பாய் விரித்துக் காற்றை நம்பிப் போனவற்றில் ஒவ்வொன்றாக எஞ்சின் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு நினைவிருப்பது ஒரு தோணியின் பாய்மரம். பாய் இல்லை. எஞ்சின்தான் ஓட்டப்போகிறது. ஆனால் மரத்தை வெட்டவில்லை. அதில் கயிறும் கப்பியும் மாட்டி வெங்காய மூட்டைகளைத் தூக்கி உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னிடம் அதைக் காட்டினாரா நானாகவே பார்த்தேனா தெரியாது. தோணியோட்டும் வயதான தண்டல் ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார் என்றும் ஒரு நினைவு. அது பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பாய்மரத்துக்கு வேறு உத்தியோகம் கிடைத்துவிட்டது. சோக்குக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், அதாவது அந்தக் குமிழில் விளக்கு சுவிட்சையோ ஹாரனையோ இணைத்திருந்தால், நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

பழைய உடலில் புது எஞ்சின் என்பது பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல, கம்பெனிகளே செய்ததுதான். 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் வந்த அம்பாசடரில் 1993-ல் ஜப்பானிய இசுஸு 1800 சிசி எஞ்சினை வைத்து ஐந்து கியரோடு விற்றார்கள். வெளியே ஒன்றும் பெரிதாக மாறவில்லை. ஆனால் அதை ஓட்டிய டிரைவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலே வேறாக இருக்கும். இதற்கு நேர்மாறு நம் சென்னையில் நடந்தது. ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரை இறக்கியது. உடல் அழகான பிரிட்டிஷ் ரோவர். உள்ளே வைத்ததோ பழைய வான்கார்டு வம்சத்து எஞ்சின். சில வருஷத்தில் வண்டியும் போயிற்று, கம்பெனியும் எழுந்திருக்கவில்லை. புதிய முகத்தில் பழைய இதயத்தை வைத்தால் மோசடி என்கிறோம், பழைய முகத்தில் புதிய இதயத்தை வைத்தால் பாசம் என்கிறோம். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று எனக்கு விளங்கியதில்லை.

இதயம் என்று எழுதிவிட்டேன். அதுதான் சரியா? அம்புலிமாமாவில் படித்த ஒரு வேதாளக் கதை குறுக்கே வருகிறது. காளி கோயிலில் இரண்டு ஆண்கள் தலையை வெட்டிக்கொள்கிறார்கள். ஒருவன் ஒரு பெண்ணின் கணவன், மற்றவன் அவள் அண்ணனா, கணவனின் நண்பனா என்பது எனக்குக் குழம்புகிறது. தாமஸ் மன்னும் கிரீஷ் கர்னாடும் இதே கதையை எடுத்து எழுதும்போது நண்பனாக்கிவிட்டதால் வந்த குழப்பம். தேவி வரம் கொடுக்கிறாள். அந்தப் பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இனி யார் அவள் கணவன்? விக்கிரமாதித்தன் யோசிக்காமல் சொல்கிறான்: உறுப்புகளில் தலையே முதன்மை, ஆகவே கணவனின் தலை இருப்பவனே கணவன். பத்து வயதில் எனக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. வேதாளம் மரத்துக்குத் திரும்பிப் போனபோது, பதில் தப்பாக இருந்ததால்தான் போனது என்று நினைத்துக்கொண்டேன்.

காரில் தலை எது? எஞ்சின்தான் என்றால், அத்தான் ஓட்டுவது ஃபியட் வேஷம் போட்ட ஜிப்ஸி. உடல்தான் என்றால் மாமாவின் வண்டி இன்னும் இருக்கிறது. அரசாங்கத்துக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் இருக்கும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-ம் பிரிவில், இஷ்டத்துக்கு எஞ்சினை மாற்றிக்கொள்ள விடுவதில்லை. 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி வந்தது. 50 வருஷம் தாண்டிய கார் அசல் வடிவில் இருந்தால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிதாகக் கைவைத்திருந்தால் கிடையாது. மாமாவின் வண்டி 2021-ல் சரியாக ஐம்பதைத் தொட்டது. எஞ்சினை மாற்றாமலிருந்தால் அந்தப் பெருமைக்குத் தகுதி இருந்திருக்கும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. ஷெட்டில் அசலாக இருப்பதா, சாலையில் பாதியாக ஓடுவதா? விக்கிரமாதித்தனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா, அதாவது அத்தானின் மனைவி, வேறொன்று சொன்னார். சோக்கைப் பட்டறையில் முதலில் கழற்றித்தான் போட்டார்களாம். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு இவர் திரும்பப் போய்க் கேட்க, பழைய சாமான்களோடு அதுவும் காயலான் கடைக்குப் போயிருந்தது. “பிறகு எங்கயோ அலைஞ்சு வேற வண்டிக் குமிழக் கொண்டாந்து மாட்டுனாங்க” என்று சிரித்தார். அத்தான் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

இது எனக்கு எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. மாமாவின் விரல் பட்ட குமிழ் அது இல்லை. ஒன்றும் செய்யாத, அவருடையதும் இல்லாத ஒரு பொருளைத்தான் அவர் மகன் காலையில் இழுக்கிறார். பாக்கியிருப்பது பொருளே இல்லை, கையின் அசைவு ஒன்றுதான். மாமாவிடமிருந்து அத்தானுக்கு மாற்றமில்லாமல் வந்து சேர்ந்தது அந்த வண்டியில் அது மட்டும்தானோ என்றுகூடத் தோன்றுகிறது. உடனே எதிர்க்கட்சியும் பேசுகிறது: இதற்குப் பெயர் ஏமாற்றிக்கொள்வது. அப்பாவை வைத்துக்கொள்ளவும் வேண்டும், 6000 சுற்றும் வேண்டும்.

நான் நியாயம் பேச யார்? எங்கள் பக்கத்து சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் உண்டு. ஊரே வரிசையாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிடும். எங்கே வேலையிலிருந்தாலும் அதற்கு வந்துவிடுவேன். சென்னை வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா சொல்லும் அதே வாக்கியங்களில், அவர் மூச்சு விடும் இடத்தில் நானும் மூச்சு விட்டு, ஜெபம் செய்கிறேன். பிள்ளைகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். உள்ளே எஞ்சின் மாறி வெகுகாலமாகிறது என்பது எனக்குத் தெரியும். என் சொற்களுக்குப் பின்னால் கேபிள் இருக்கிறதா என்று நான் கையை விட்டுத் தடவிப் பார்த்ததில்லை. சில ராத்திரிகளில் ஏதோ இழுபடுவது போலத்தான் இருக்கிறது. பழக்கத்தின் பாரமாகவும் இருக்கலாம் அது.

அத்தானிடமே நேராகக் கேட்டுவிடலாம். போனில் கேட்கப் போய் இரண்டு தடவை பேச்சை மாற்றிவிட்டேன். கேட்டால் அவர் பதில் சொல்லத் தெரியாமல் மறுநாளிலிருந்து இழுப்பதை விட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். அப்படி விட்டுவிட்டால் அதற்கு நான் வருத்தப்படுவேனா, உள்ளூர நிம்மதி அடைவேனா என்பதும் எனக்கே நிச்சயமில்லை. அதனால் இப்போதைக்கு பிரேக்கைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். முன்சக்கரம் இரண்டுக்குமாவது டிஸ்க் போடுங்கள் என்கிறேன். பார்க்கலாம் மாப்ளே என்கிறார்.