குண்டுக்கு ஒரு கணக்கு

தோட்டத்துக் கிராணிகளாகிய நாம் சல்லிக்காசுக்கும் பற்று வரவு எழுதிப் பழகியவர்கள். பத்து பெரண்டாம் வானில் விமான ஓசை கேட்கும்போது, யுத்தத்திற்கும் அவ்வாறே கணக்கெழுதலாகுமா என்ற வினா நம்முள் எழுகிறது.

மலாயாவில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நிலவிற்று. அக்காலத்தில், 1950 தொடங்கி 1958 வரை, சிங்கப்பூர் தெங்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் முதலாம் விமானப் பிரிவு, நான்கு எஞ்சின் பூண்ட லிங்கன் குண்டு விமானங்களைக் காடுகளின் மீது செலுத்தியது. அது கொட்டிய குண்டுகள் 14,000 டன்னுக்கு மேற்பட்டவை. விமானிக்குத் தெரிந்தவை மரத்தலைகளே. கொரில்லாக்களில் குண்டுக்கு இரையானோர் மிகச் சிலரே.

"வீண் செலவு" என்றெழுத நம் பேனா துடிக்கிறது. அச்சொல்லின் பொருள் யாது? இன்னும் பல பிணங்கள் வீழ்ந்திருப்பின் செலவு தகும் என்பதன்றோ? பிணத்தை வரவில் வைத்த கணக்கன், கொலை மலிவாக வேண்டுமென்று விரும்பத் தொடங்குகிறான். தான் விரும்புவது இன்னதென்று அவனே அறியான்!

1953 செப்டம்பர் 3-ஆம் நாள் மலாக்காவின் ஒரு பகுதி முதல் 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே நீங்கின. அரிசி மூட்டையை ஒளிக்காமல் சுமக்கும் உரிமை ஏழைக்கு மீண்டது. வரவென்று எழுதத்தக்கது அதுவே.

ஆகவே அன்பர்களே, எந்த யுத்தச் செய்தியைப் படித்தாலும், அச்சம் நீங்கி வாழ்ந்தோர் எத்தனை பேர் என்று முதலிற் கேட்போமாக.